ஹட்சன் ஆற்றங்கரையில்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இலையுதிர்காலம் தொடங்கியதும் கல்லூரிக் கால்பந்தாட்டமும் தொடங்கிவிடும். சனிக்கிழமை வந்தால் வெளியூர் செல்வோர் ஆட்டக்காரர் மட்டும் அல்லர். அவர்தம் கல்லூரியில் பயில்வோர், முன்பு பயின்றோர், அவர்களுடைய மனைவி மக்கள் எனப் பலரும் எதிர்க்கல்லூரி இருக்கும் ஊரை நோக்கிப் புறப்படுவர். நூறு மைல், இருநூறு மைல் என்பது அவர்களுக்கு ஒரு தொலைவன்று. ஆட்டம் ஒரு பிற்பகலில் முடிந்துவிடும். ஆயினும் அதனை முன்னிட்டு அவ்வூரின் ஆற்றையும் மலையையும் பழைய கட்டடங்களையும் கண்டு, இரண்டு மூன்று நாள் தங்கித் திரும்புவோர் பலர். ஆட்டத்தினும் பயணமே நெடுநாள் நினைவில் நிற்பதும் உண்டு.

வெளியூர் சென்று ஆடுவோர்க்கு இடர்ப்பாடும் உண்டு. திடல் புதியது, ஆரவாரம் எல்லாம் எதிரணிக்கு உரியது, நெடும்பயணத்தின் சோர்வு வேறு. ஆகவே ஒவ்வோர் அணியும் தன் ஆட்டங்களுள் பலவற்றைத் தன் ஊரிலேயே வைத்துக்கொள்ள விரும்பும். அவ்வாறு வைத்துக்கொள்ள இயலாத அணி ஒன்று முன்னாளில் இருந்தது. பென்சில்வேனியா மாநிலத்தில் கார்லைல் என்னும் சிறு நகரில் இருந்த தொழிற்பள்ளியின் அணியே அது. பெயரளவில் பள்ளியாயினும், அது எதிர்த்து ஆடியது ஹார்வர்டு, யேல் முதலிய பெரும் பல்கலைக்கழகங்களை. அதன் பேராட்டங்கள் ஏறத்தாழ எல்லாமே வெளியூர் ஆட்டங்கள்தாம்.

அமெரிக்கர் கால்பந்து என்று அழைப்பது நம் ஊர்த் திடல்களில் ஆடப்படும் கால்பந்து அன்று. பந்து முட்டை வடிவில் இருக்கும். அதனைக் காலால் உதைப்பதினும் கையில் ஏந்தி ஓடுவதே மிகுதி. பக்கத்திற்குப் பதினொருவர் ஆடுவர். பந்தை ஏந்தி வருபவனை எதிரணியினர் பாய்ந்து பிடித்து வீழ்த்துவர். நான்கு முயற்சிகளுக்குள் பத்துக் கெஜம் முன்னேறவில்லையெனில் பந்து எதிரணிக்குப் போய்விடும். எதிரியின் எல்லைக்கோட்டைப் பந்துடன் கடந்துவிட்டால் ஆறு புள்ளிகள். நான்கு முயற்சி, ஆறு புள்ளி என்னும் இவ்விரு விதிகளும் 1912ஆம் ஆண்டில் புகுத்தப்பட்டவை. இக்கட்டுரையில் வரும் ஆட்டமும் அவ்வாண்டில் நிகழ்ந்ததே. மோதலும் வீழ்ச்சியும் நிறைந்த ஆட்டமாதலின், வலிமையுடையோர்க்கே இது உரியது என்று அக்காலத்தோர் கருதினர்.

கார்லைல் பள்ளி 1879ஆம் ஆண்டு தோன்றியது. ரிச்சர்டு ஹென்றி பிராட் என்னும் படைத்தலைவர் ஒருவர், கைவிடப்பட்டுக் கிடந்த படைவீடு ஒன்றனைப் பெற்று அதனை நிறுவினார். அமெரிக்கத் தொல்குடி மக்களின் குழந்தைகளே அதன் மாணவர்கள். அம்மக்களைச் செவ்விந்தியர் என்று நம் பழைய நூல்கள் குறிக்கும். இந்தியாவைத் தேடிச் சென்ற கொலம்பசு செய்த பிழை அப்பெயரில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மேற்கே பரந்த புல்வெளிகளிலும் மலைச்சாரல்களிலும் வாழ்ந்த அம்மக்களிடமிருந்து பிள்ளைகள் பிரிக்கப்பட்டு, ஆயிரக்கணக்கான மைல் புகைவண்டியில் கொண்டுவரப்பட்டனர். வந்த அன்றே கூந்தல் வெட்டப்பட்டது. சொந்த உடை நீக்கப்பட்டுச் சீருடை அணிவிக்கப்பட்டது. தாய் தந்தையர் இட்ட பெயர் போய், புதிய பெயர் வந்தது. தாய்மொழியில் பேசுதல் குற்றமாயிற்று. தொல்குடி வாழ்க்கையின் சுவடே இல்லாது துடைத்துவிட்டால் பிள்ளைகள் முன்னேறிவிடுவர் என்று பிராட் மனமார நம்பினார். நல்லெண்ணத்தோடு செய்யப்படும் கொடுமை, தீய எண்ணத்தோடு செய்யப்படுவதினும் நெடுநாள் நீடிக்கும் போலும். அப்பள்ளி முப்பத்தொன்பது ஆண்டுகள் நடந்தது.

அப்பள்ளியில் கால்பந்தாட்டம் வேர்கொண்ட வரலாறு சுவையானது. தொடக்கத்தில் மாணவர் ஒருவரின் கால் ஓர் ஆட்டத்தில் முறிந்தது. அதனைக் கண்ட பிராட், வெளி அணிகளோடு ஆடுவதை அறவே தடுத்துவிட்டார். சில காலம் சென்றபின் மாணவர் ஏறக்குறைய நாற்பதின்மர் அவரிடம் வந்து, ஆட ஒப்புதல் வேண்டினர். அவர்களுள் ஒருவர் நாவன்மை மிக்கவர், நெடுநேரம் வாதாடினார். பிராட் மனம் இளகி இரண்டு கட்டளைகள் விதித்தார். எதிரி எவ்வளவு முறைகேடு செய்யினும் திருப்பி அடித்தல் கூடாது. அடித்தால், தொல்குடியினர் கொடியர் என்னும் பழிச்சொல்லை அவர்களே மெய்ப்பித்தவர் ஆவர். இஃது ஒன்று. சில ஆண்டுகளுக்குள் நாட்டின் தலைசிறந்த அணியை வெல்லவேண்டும் என்பது மற்றொன்று. மாணவர் இரண்டிற்கும் இசைந்தனர்.

ஆனால் வெல்வதற்குரிய எதிரிகள் கார்லைலுக்கு வரமாட்டார்கள். அங்குப் பெருங்கூட்டம் அமரும் அரங்கம் இல்லை. நுழைவுக் கட்டணம் தண்டினாலும் மிகுதியாகச் சேராது. ஆகவே அணிதான் எதிரிகளைத் தேடிச் சென்றது. பெருநகரங்களில் அவ்வணியைக் காணத் திரண்ட கூட்டத்தால் கிடைத்த பணம் பள்ளிக்கும் வந்தது. 1899ஆம் ஆண்டு அவர்கள் கண்டத்தின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்கே சென்றுவிட்டனர். அவ்வாண்டு கிறித்துமசு நாளன்று சான்பிரான்சிசுகோவில் கலிபோர்னியாப் பல்கலைக்கழக அணியோடு ஆடி, 2-0 என்னும் கணக்கில் வென்றனர். 1907ஆம் ஆண்டு பிலடெல்பியாவில் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தை 26-6 என வென்றனர். பின்னர் மினியாபொலிசிலும் சிகாகோவிலும் வெற்றி கண்டனர். பந்தை முன்னோக்கி எறிதல் 1906ஆம் ஆண்டுதான் விதியில் இடம்பெற்றது. அதனை ஒரு கலையாக வளர்த்தவருள் இவர்கள் முன்னணியினர். உடல் எடையில் எதிரிகளினும் குறைந்தவராதலின், விரைவையும் சூழ்ச்சியையும் நம்பியே ஆடினர்.

சூழ்ச்சி என்றதும் 1903ஆம் ஆண்டு ஹார்வர்டில் நடந்தது நினைவிற்கு வரும். பந்தைப் பிடித்த கார்லைல் அணியினர் ஒன்றாய்க் குழுமி, அதனை ஒருவருடைய சட்டையின் முதுகுப்புறத்தில் செருகிவிட்டு நாற்புறமும் சிதறி ஓடினர். பந்து யாரிடம் உள்ளது என்று ஹார்வர்டு ஆட்டக்காரர் தேடித் திகைத்துக்கொண்டிருக்கையில், முதுகில் வீக்கத்துடன் ஒருவர் எல்லைக்கோட்டை எளிதாகக் கடந்துவிட்டார். அவ்வாட்டத்தில் ஹார்வர்டே 12-11 என வென்றது. தோற்றவர்கள் செய்த குறும்புதான் இன்றளவும் பேசப்படுகிறது.

புகைவண்டிச் சாளரத்தின் வழியே இம்மாணவர்கள் கண்ட நாடு எத்தகையது? வெள்ளையர் மாணவர்க்கு அது புதிதாய் எழுந்த நகரங்களின் நாடு. இவர்களுக்கோ அது மூதாதையர் பெயரிட்ட ஆறுகளும் மலைகளும் நிறைந்த நாடு. கார்லைலிலிருந்து கிழக்கே சிறிது தொலைவில் அகன்ற ஆறு ஒன்று குறுக்கிடும். அதன் பெயர் சசுகுவெகன்னா. அதனைக் கடந்தால் மாநிலத் தலைநகராகிய ஆரிசுபர்க்கு. இன்னும் கிழக்கே டெலாவேர் ஆற்றங்கரை, லெனாப்பே என்னும் குலத்தார் வாழ்ந்த நிலம். நியூயார்க்கு நகரின் நடுவிலுள்ள மன்காட்டன் தீவின் பெயரும் அக்குலத்தார் மொழியிலிருந்து வந்ததே. மக்கள் விரட்டப்பட்ட பின்னும் பெயர்கள் விரட்டப்படவில்லை.

1912ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் கார்லைல் அணி மேற்கொண்ட பயணம், ஹட்சன் ஆற்றங்கரையிலுள்ள வெஸ்ட் பாயிண்ட் என்னும் இடத்திற்கு. நேர்கோட்டில் அளந்தால் கார்லைலிலிருந்து ஏறக்குறைய 190 மைல். நாட்டின் தரைப்படைக்கு அலுவலர்களைப் பயிற்றுவிக்கும் கல்விக்கழகம் 1802ஆம் ஆண்டு முதல் அங்கே இயங்கிவருகிறது.

இன்றும் ஆட்டம் காணச் செல்வோர், ஆட்டம் இல்லையெனினும் காணத்தக்க இடம் அது. ஹட்சன் ஆறு வடக்கே அடிரோன்டாக்கு மலைத்தொடரில் பிறக்கிறது. அதன் தலையூற்றுகளுள் மிக உயரத்தில் இருப்பதாகிய சிறு ஏரிக்கு 'மேகத்தின் கண்ணீர்' என்று பெயர். மலையில் பிறந்த ஆறாயினும், கீழ்ப்பகுதியில் கடலின் ஏற்றம் நூற்றைம்பது மைலுக்கு மேல் உள்நாட்டில் ஏறி வருகிறது. ஏற்றக் காலத்தில் நீர் வடக்கு நோக்கியும் வற்றக் காலத்தில் தெற்கு நோக்கியும் ஓடும். இதனைக் கண்ட தொல்குடியினர், இரு திசையும் ஓடும் நீர் என்னும் பொருள்பட அவ்வாற்றை வழங்கினர். ஹென்றி ஹட்சன் என்னும் ஆங்கில மாலுமி 1609ஆம் ஆண்டு அதில் கப்பல் செலுத்தி வந்தபின், அவருடைய பெயர் அதற்கு நிலைத்துவிட்டது.

நியூயார்க்கு நகரிலிருந்து வடக்கே ஐம்பது மைல் சென்றால், இருமருங்கும் மலைகள் நெருங்கி ஆற்றை இறுக்கும். அவ்விடத்தில் ஆறு நேராகச் செல்ல இயலாமல் இருமுறை வளைந்து திரும்புகிறது, ஆழமும் மிகுதி. மேற்குக் கரையில் ஆற்றினுள் நீண்டிருக்கும் பாறை மேட்டின்மேல் கல்விக்கழகத்தின் சாம்பல்நிறக் கருங்கற் கட்டடங்கள் கோட்டைபோல் எழுந்து நிற்கும். நவம்பரில் இலைகள் பெரும்பாலும் உதிர்ந்துவிடுமாதலால் மலைகளின் எலும்புகளெல்லாம் தெரியும்.

அவ்வளைவில் பாய்மரக் கப்பல்கள் விரைவு குறைந்து தயங்கும். அதனை அறிந்தே, விடுதலைப் போர்க் காலத்தில் அமெரிக்கர் 1778ஆம் ஆண்டு ஆற்றின் குறுக்கே மாபெரும் இரும்புச் சங்கிலி ஒன்றனைக் கட்டினர். ஒவ்வொரு கண்ணியும் இரண்டடி நீளம். நூறு ராத்தலுக்கும் மிகுந்த எடை. மரத் தெப்பங்களின்மேல் அதனை மிதக்கவிட்டு, மறுகரையிலுள்ள தீவுவரை இழுத்துப் பூட்டினர். மாரிக்காலத்தில் பனிக்கட்டி சிதைத்துவிடும் என்று ஆண்டுதோறும் கழற்றி எடுத்து, இளவேனிலில் மீண்டும் பூட்டுவர். ஆங்கிலக் கப்பல் ஒன்றேனும் அதனை முட்டிப்பார்க்கத் துணியவில்லை. அச்சங்கிலியின் பதின்மூன்று கண்ணிகள் இன்றும் அங்கே காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன. கப்பல்கள் துணியாததை ஒரு மனிதர் பொன்னால் முடிக்க முயன்றார். பெனடிக்டு ஆர்னால்டு என்னும் தளபதி 1780ஆம் ஆண்டு இக்கோட்டையைப் பகைவர்க்கு விற்கச் சூழ்ந்தார். தூது சென்றவர் வழியில் பிடிபட்டதால் சூழ்ச்சி வெளிப்பட்டது.

அம்மேட்டு நிலத்தில் இடுகாடு ஒன்றும் உண்டு. கார்லைல் மாணவர்க்கு அங்குள்ள எல்லாவற்றினும் நெருங்கிய தொடர்புடையது அதுவே. ஜார்ஜ் ஆம்சுடிராங் கஸ்டர் அங்கே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். 1861ஆம் ஆண்டு அக்கழகத்தில் தேறியவருள் கடைசி இடம் பெற்றவர் அவர். 1876ஆம் ஆண்டு ஜூன் 25ஆம் நாள், லிட்டில் பிக்ஹார்ன் ஆற்றங்கரையில் லக்கோட்டா, செயென் முதலிய குலத்தவரைத் தாக்கச் சென்று, தம் வீரரோடு மாண்டார். பதினான்கு ஆண்டுகள் கழித்து, 1890ஆம் ஆண்டு டிசம்பர் 29ஆம் நாள், கஸ்டர் முன்பு நடத்திய அதே ஏழாம் குதிரைப்படை, ஊண்டட் நீ என்னும் ஓடையருகில் லக்கோட்டா மக்களைச் சுட்டு வீழ்த்தியது. இறந்தோர் இருநூற்றைம்பதின்மருக்கும் மேற்பட்டோர். அவருள் பெண்டிரும் குழந்தைகளும் பலர். 1912ஆம் ஆண்டில் அந்நிகழ்ச்சிக்கு இருபத்திரண்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. அதனை நேரில் கண்டோர் பலர் உயிரோடிருந்தனர். வெஸ்ட் பாயிண்ட் ஆட்டம் வெறும் ஆட்டமாக இருந்திருக்க முடியாது என்பதை எவரும் உணர்தல் கூடும். பயிற்சியாளர் பாப் வார்னர் ஆட்டத்திற்கு முன் தம் அணியினரிடம் இப்பழைய போர்களை நினைவூட்டினார் என்பர். நினைவூட்ட வேண்டிய தேவை இருந்திராது.

இரு பள்ளிகளும் அதற்கு முன் 1905ஆம் ஆண்டு ஒருமுறை மோதியிருந்தன. கார்லைல் 6-5 என வென்றது. 1912ஆம் ஆண்டு அணியோ அதனினும் வலியது. அதில் ஜிம் தார்ப் இருந்தார். ஒக்கலகோமாவில் பிறந்த அவர் சாக்கு-பாக்சு என்னும் குலத்தவர். அவ்வாண்டுக் கோடையில் சுவீடன் நாட்டு ஸ்டாக்ஹோமில் நடந்த ஒலிம்பிக்குப் பந்தயத்தில் ஐந்து போட்டித் தொகுதியிலும் பத்துப் போட்டித் தொகுதியிலும் முதலிடம் பெற்றுத் திரும்பியவர். அவரோடு கஸ் வெல்ச்சு, ஜோ கயோன், அலெக்சு அர்காசா முதலியோர் இருந்தனர். படைக்கழக அணியில் துவைட்டு ஐசனோவர் என்னும் இளைஞர் இருந்தார். பிற்காலத்தில் இரண்டாம் உலகப் போரில் ஐரோப்பாவில் நேச நாட்டுப் படைகளின் தலைவராகி, 1953ஆம் ஆண்டு முதல் 1961 வரை நாட்டின் குடியரசுத் தலைவராக விளங்கியவர் அவரே.

நவம்பர் 9ஆம் நாள் ஆட்டம் தொடங்கியது. முதலில் புள்ளி பெற்றவர் படைக்கழகத்தார். எல்லைக்கோட்டைக் கடந்து ஆறு புள்ளிகள் எடுத்தனர். அதற்குப்பின் அவர்களுக்கு ஒரு புள்ளியும் கிடைக்கவில்லை. வார்னர் அன்று புதியதோர் அணிவகுப்பை வகுத்திருந்தார். பின்வரிசையில் நிற்கும் இருவரை இரு சிறகுகளைப்போல வெளிப்புறமாக நிறுத்தியதால், பந்து எவரிடம் செல்லும், எத்திசையில் பாயும் என்று எதிரிகளால் கணிக்க இயலவில்லை. முற்பாதி முடிவில் கார்லைல் 7-6 என ஒரு புள்ளி முந்தியிருந்தது.

தார்ப்பை வீழ்த்தினால் ஆட்டம் முடிந்துவிடும் என்று படைக்கழகத்தார் எண்ணினர். ஐசனோவரும் அவர் தோழர் ஒருவரும், ஒருவர் மேலும் ஒருவர் கீழுமாக ஒரே நேரத்தில் அவர்மேல் பாய்வதெனத் திட்டமிட்டனர். ஒருமுறை அது பலித்தது. மறுமுறை தார்ப் சட்டென்று நின்றுவிட, பாய்ந்த இருவரும் ஒருவரோடொருவர் மோதி வீழ்ந்து, ஆட்டத்தை விட்டே வெளியேற நேர்ந்தது. தார்ப் அடிபட்டுக் கிடந்த ஒரு வேளையில், விதிப்படி தந்த நேரம் முடிந்துவிட்டது என்று நடுவர் கூற, படைக்கழக அணியின் தலைவர் டெவோர், விதியைப் பாராமல் வேண்டிய நேரம் தருக என்று பெருந்தன்மையோடு கூறினார் என ஒரு செய்தி வழங்கிவருகிறது. அவரே பிற்பாதியில், தம்மினும் சிறிய உருவினராகிய கயோன் தம்மை மீண்டும் மீண்டும் தடுத்து நிறுத்தியதைப் பொறாமல், அவர்மேல் முறைகேடாகப் பாய்ந்து திடலைவிட்டு வெளியேற்றப்பட்டார். ஒரே பிற்பகலில் ஒரே மனிதர் இரு வேறு மனிதராய்த் தோன்றினார். பிராட் விதித்த முதற்கட்டளையைக் கார்லைல் அணியினர் அன்று காத்தனர்.

பிற்பாதியில் கார்லைல் இருபது புள்ளிகள் எடுத்தது. அன்று தார்ப் தொண்ணூறு கெஜத்திற்கு மேல் ஓடிய ஓட்டம் பற்றிப் பல கதைகள் வழங்குகின்றன; காலம் செல்லச் செல்ல அவை நீண்டுகொண்டே போயின. ஆனால் எல்லைக்கோட்டை மும்முறை கடந்தவர் அர்காசா. எதிரிகள் அனைவரும் தார்ப்பையே நோக்கி ஓடியதால் பிறர்க்கு வழி திறந்தது. தம் பெயரில் அத்தகைய புள்ளி ஒன்றும் பெறாமலே அவர் ஆட்டத்தை வென்று தந்தார் எனலாம். முடிவு 27-6. நியூயார்க்குச் செய்தித்தாள்கள் மறுநாள் அவரை வியந்து எழுதின. தொல்குடி மக்கள் அனைவருக்கும் அந்நாட்டுக் குடியுரிமை 1924ஆம் ஆண்டுதான் வழங்கப்பட்டது. அன்று அத்திடலில் நாட்டின் படையை வென்ற கூட்டத்தாருள் பலர் சட்டப்படி அந்நாட்டின் முழுக்குடிகளாக மதிக்கப்படாத மக்களைச் சேர்ந்தவர்.

வெற்றியைக் கொண்டாட நேரமில்லை. அடுத்த சனிக்கிழமை பிலடெல்பியாவில் மற்றொரு வெளியூர் ஆட்டம். களைத்திருந்த அணி பென்சில்வேனியாவிடம் 34-26 எனத் தோற்றது. அவ்வாண்டு அவர்கள் அடைந்த தோல்வி அஃது ஒன்றே.

1913ஆம் ஆண்டு தொடக்கத்தில், தார்ப் முன்னர்க் கூலிபெற்று அடிபந்து ஆடினார் என்று கூறி அவருடைய ஒலிம்பிக்குப் பதக்கங்கள் பறிக்கப்பட்டன. 1982ஆம் ஆண்டு அவர் இணை வெற்றியாளராக ஏற்கப்பட்டார். தனி வெற்றியாளராக 2022ஆம் ஆண்டுதான் ஏற்கப்பட்டார். அவரோ 1953ஆம் ஆண்டே மறைந்துவிட்டார். வெஸ்ட் பாயிண்டில் மலைச்சரிவில் 1924ஆம் ஆண்டு புதிய அரங்கம் கட்டப்பட்டது. ஆட்டம் காண இப்போது செல்வோர் அங்கே அமர்ந்து காண்பர். ஆட்டத்திற்கு முன்பின் சங்கிலிக் கண்ணிகளையும் ஆற்றின் வளைவையும் பார்த்து மீள்வர்.

கார்லைல் பள்ளி 1918ஆம் ஆண்டு மூடப்பட்டது. படைவீடு மீண்டும் படைக்கே சென்றது. 1951ஆம் ஆண்டு முதல் தரைப்படையின் உயர்கல்லூரி அங்கே நடைபெறுகிறது. மாணவர் பயிற்சி செய்த திடல் 'இந்தியர் திடல்' என்னும் பெயரோடு இன்றும் விளையாட்டிற்குப் பயன்பட்டு வருகிறது. அருகில் இடுகாடு ஒன்று உண்டு. படிக்க வந்து நோயால் மாண்ட குழந்தைகள் அங்கே வரிசையாக அடக்கம் செய்யப்பட்டனர். 2017ஆம் ஆண்டு முதல், உறவினர் வேண்டுகோளின்படி அவர்களுடைய எலும்புகள் தோண்டி எடுக்கப்பட்டுச் சொந்த ஊர்களுக்கு அனுப்பப்படுகின்றன. முதலில் புறப்பட்டவர்கள் வடஅரப்பகோ குலத்துச் சிறுவர்கள். 1881ஆம் ஆண்டு வந்தவர்கள், வயோமிங் மாநிலத்திலுள்ள தம் மண்ணுக்குத் திரும்பிச் சென்றனர்.